சிறிதாயினும் நிலைத்திருக்கட்டும்

 

 

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கி வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைக் கடந்தால் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். நம்மில் பலர் காலையிலும் மாலையிலும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபடியே செல்கிறோம். எங்கள் பகுதிச் சிறுவர்களிடம் சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால், "அது ஓர் ஊரின் பெயர்" என்கிறார்கள். அது ஊரின் பெயரன்று. காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுவதற்காக எழுப்பப்பட்ட மருத்துவ விடுதிகளுக்கு உலகெங்கும் வழங்கி வந்த பெயர். ஒரு மருத்துவமனை நம் ஊரின் ஒரு பகுதிக்கே பெயராகிவிட்டது. இன்றைய ஜும்ஆ உரையை அந்த மருத்துவமனையின் வாசலிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

1928-ஆம் ஆண்டு டாக்டர் சவரிமுத்து என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தி வந்தவர் அவர். நம் நாட்டுக் கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது சில காலம் இவருடைய பராமரிப்பில் இருந்தார் என்பது கூடுதல் செய்தி. தாம்பரத்தில் அவர் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. 1937-இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயரில் பல நூறு படுக்கைகளுடன் நிற்கிறது.

அக்காலத்தில் காசநோய்க்கு நேரடி மருந்து இல்லை. சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றும்தாம் சிகிச்சை. அதற்காகவே நகரத்திற்கு வெளியே, மரங்கள் அடர்ந்த விரிந்த நிலத்தில் சானடோரியங்களை அமைத்தார்கள். வசதியுள்ளவர் மாதக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில் தங்கினார்கள். ஏழைக்கு இடமும் கிடைப்பதில்லை. இடம் கிடைத்தாலும் கூலி வேலையை விட்டுவிட்டு ஓராண்டு படுத்திருக்க அவனால் இயலாது. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஆயினும் மருந்தோடு சானடோரியமும் வேண்டும் என்றே மருத்துவ உலகம் நம்பியது. பெரிய நோய்க்குப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்பது மனித மனத்தின் இயல்பான எண்ணமல்லவா?

அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஊர் நம் சென்னைதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1956-ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், அன்றைய சென்னை மாகாண அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதற்குப் பொறுப்பேற்றார். 193 காசநோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஓய்வு, செவிலியர், நல்ல உணவு எல்லாம் கிடைத்தன. மற்றப் பிரிவினர் தம் வீடுகளிலேயே இருந்தார்கள். வீடு என்றால் எத்தகைய வீடு? பெரும்பாலும் நகரத்து ஏழைகள் வாழும் நெரிசலான ஒற்றை அறைகள். உணவோ சானடோரியத்தில் கிடைத்ததைவிடக் குறைவு. ஓய்வும் குறைவு. ஆனால் மருந்து மட்டும் இரு பிரிவினருக்கும் ஒன்றே. ஓராண்டுக்கு அன்றாடம் விழுங்க வேண்டிய மருந்து. அவற்றுள் ஒன்று அளவிலும் அதிகம், வயிற்றையும் புரட்டும்.

ஓராண்டு முடிந்தது. முடிவு 1959-இல் வெளியானது. குணமடைந்ததில் இரு பிரிவினருக்குமிடையே பெரிய வேற்றுமை இல்லை! ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோதும் அந்த முடிவு நிலைத்து நின்றது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவருடைய குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை. உலகம் இதனை 'மெட்ராஸ் ஆய்வு' என்று அழைத்தது. அதன் பிறகு பல நாடுகளில் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

இதனால் உணவும் ஓய்வும் தேவையில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சத்துணவு கொடுத்தால் காசநோயாளியின் உயிரிழப்பும், அவர் குடும்பத்தாருக்கு நோய் வருவதும் குறைகின்றன என்று ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மெட்ராஸ் ஆய்வு சொன்னது வேறு. மாளிகை போன்ற விடுதியில் படுத்திருந்தாலும், குடிசையில் பாயில் படுத்திருந்தாலும், நோயைத் தீர்த்தது அன்றாடம் தவறாமல் தொண்டைக்குள் இறங்கிய அந்த மருந்துதான்.

சகோதரர்களே! மருத்துவர்கள் 1950-களில் ஆய்வு செய்து கண்ட இந்த உண்மைக்கு அமல்களின் உலகில் ஓர் ஒப்புமை உண்டு. அதனை நம் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் சொல்லிச் சென்றார்கள். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், அளவில் குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே என்ற கருத்தில் அமைந்த ஹதீஸை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது. இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடைய நிகழ்ச்சியைப் பாருங்கள். வாலிபர். வணக்கத்தில் பேரார்வம் கொண்டவர். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று உறுதி பூண்டார். செய்தி நபியவர்களை எட்டியது. அவரை அழைத்து விசாரித்தார்கள். உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும் உரிமைகள் உண்டு என்று நினைவூட்டி, மாதத்திற்கு மூன்று நோன்பு போதும் என்றார்கள். இவரோ என்னால் அதற்கு மேலும் இயலும் என்று கேட்டுக்கொண்டே போனார். இறுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு என்னும் தாவூத் (அலை) அவர்களின் நோன்பில் வந்து நின்றது. முதுமை வந்தது, உடல் தளர்ந்தது. நபியவர்கள் முதலில் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் ஏங்கினார். ஆயினும் நபியவர்களிடம் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஏக்கத்தில் எத்தனை பெரிய பாடம் இருக்கிறது! வாலிப வயதில் நம் ஆற்றலை எண்ணி அளவை முடிவு செய்கிறோம். அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியவரோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் தளர்ந்த மனிதர். இதே அப்துல்லாஹ்விடம்தான், இரவில் எழுந்து தொழுது வந்து பிறகு அதை விட்டுவிட்ட ஒருவரைக் குறிப்பிட்டு, அவரைப் போல் ஆகிவிடாதீர் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த மனிதரின் பெயரை ஹதீஸ் வெளியிடவில்லை. ஒருவேளை அந்த இடத்தில் நம் ஒவ்வொருவருடைய பெயரும் பொருந்தும் என்பதனாலோ என்னவோ!

மற்றொரு முறை நபியவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. இது என்ன என்று கேட்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்துப்போனால் பற்றிக்கொள்வதற்காகக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்பது அவர்கள் காட்டிய வழி. நம் வீடுகளிலும் கயிறுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பிள்ளையை விடிய விடிய விழிக்க வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்து அருகில் உட்கார்ந்திருக்கிறோமே, அது கயிறு. ஜூன் மாதத்திலிருந்து நாளுக்கு அரை மணி நேரம் கணக்குப் போட வைத்திருந்தால் அந்தக் கயிறு தேவைப்பட்டிருக்காது.

சரி, குறைவாகத் தொடங்குவது எளிது. ஆபத்து எங்கே இருக்கிறது? நடுவில் இருக்கிறது. இதை எனக்கு உணர்த்தியதும் காசநோய்தான்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். முன்பு நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாரத்திற்கு மூன்று நாள் கொடுத்து வந்தார்கள்; 2017 முதல் அன்றாடம் உட்கொள்ளும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்கள் இதை விளக்குவது வியப்பாக இருக்கும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவில் மடிந்துவிடுகின்றன. இருமல் குறைகிறது, காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. ஆனால் மெதுவாக வளரும் கிருமிகளும், ஏறத்தாழ உறக்க நிலையில் கிடக்கும் கிருமிகளும் உள்ளே எஞ்சியிருக்கின்றன. மீதமுள்ள மாதங்கள் அவற்றுக்காகவே. நோயாளிக்கோ தாம் நலமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. மாத்திரையை நிறுத்துகிறார். உறங்கியவை விழிக்கின்றன. விட்டுவிட்டு மருந்து உட்கொண்டால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகவும் வழி பிறக்கிறது. அதன் பிறகு சாதாரண மருந்து வேலை செய்யாது.

ஆக, இந்த நோயில் மனிதனை வீழ்த்தும் வேளை வலிக்கும் வேளையன்று. நலமாகிவிட்டோம் என்று எண்ணும் வேளை. 

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குக் காசநோய் கண்டது. நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் வேலை. ரஜப் மாதத்தில் சிகிச்சை தொடங்கினார். அவருடைய தாயார் வந்து துஆச் செய்யச் சொன்னதால் எனக்கு விவரம் தெரியும். ரமளான் பிறந்தது. அந்த இளைஞர் நன்கு தேறியிருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அதுவரை ஜும்ஆவுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தவர், தராவீஹ் தொழுகையில் அன்றாடம் முதல் வரிசையில் நின்றார். கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்தார். எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. ஒருநாள் இரவு பயானில் அவரைச் சுட்டிக்காட்டி, "இந்த வாலிபரைப் பாருங்கள், நோயிலிருந்து எழுந்து வந்து எப்படி நிற்கிறார்" என்று எல்லோர் முன்னிலையிலும் புகழ்ந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது அவரைக் காணவில்லை. விசாரித்தால், இருமலில் இரத்தம் வந்து மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார்கள். ரமளான் முதல் நோன்பன்றே அவர் மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. நோன்பு வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது என்று யோசித்தாராம். உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது, பெருநாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். பெருநாள் கழிந்தும் பார்த்துக்கொள்ளவில்லை. பரிசோதனையில் முக்கிய மருந்துகளுக்கு அடங்காத நோயாக இருப்பது தெரிந்தது. அது முன்பே அப்படி இருந்ததா, இடையில் அப்படி மாறியதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிகிச்சை ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்திற்கும் மேலாக நீண்டது.

நான் பார்க்கச் சென்றபோது அவருடைய தாயார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் குறை சொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. தம்மையறியாமல் சொன்னார்: "ஹஜ்ரத், மாத்திரை போடுறியான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்க மாட்டான்."

ஏழு ஆண்டுகள் அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ் வழங்கியுள்ள சலுகை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் விளக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பாடம் எடுத்திருக்கிறேன். என் கண்ணெதிரே முதல் வரிசையில் நின்ற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏன்? அவர் பெரிதாகச் செய்துகொண்டிருந்த ஒன்று என் கண்ணில் பட்டது. சிறியதாக விட்டுவிட்ட ஒன்று படவில்லை. இருபது ரக்அத் தெரிந்தது, மாத்திரை தெரியவில்லை. உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமை என்று மிம்பரில் சொல்லும் நான், அந்தக் கடமையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும், அல்லது உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால், ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். நோன்பு வைக்கலாமா, வைத்தால் மாத்திரையை ஸஹர் நேரத்திற்கோ இரவுக்கோ மாற்றலாமா என்பதை அவர் சொல்லட்டும். வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அல்லாஹ் தந்த சலுகையை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்லத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெண் பார்க்க வருகிறார்கள், வெளியே தெரிந்தால் என்னாகும் என்று மகளின் இருமலை மறைத்து வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். சகோதரிகளே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதே மருத்துவமனையில் 2004 ஏப்ரலில் மற்றொரு மாத்திரையும் வந்து சேர்ந்தது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்ட முதல் சில மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. காசநோய் மாத்திரைக்கு ஆறு மாத எல்லையாவது உண்டு. இதற்கு எல்லையே இல்லை. வாழ்நாள் முழுதும் அன்றாடம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறாமல் உட்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து, திருமணம் செய்து கொடுத்து வாழ்பவர்கள் உண்டு. நாற்பது நாள் சுப்ஹு ஜமாஅத்தைத் தொடர முடியவில்லை என்று சொல்லும் நாம், அவர்களிடம் சென்று பாடம் கேட்க வேண்டும். அவர்களை ஏளனமாகப் பார்ப்பதையாவது நிறுத்த வேண்டும்.

இனி, ஒருநாள் விடுபட்டுவிட்டால் என்ன செய்வது? இதில்தான் பலர் முழுவதையும் இழக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுபட்டது, புதன்கிழமை வெட்கம் வந்தது, வியாழக்கிழமை "இனி எதற்கு" என்று தோன்றியது. நபியவர்களின் வழி என்ன? உறக்கத்தாலோ நோயாலோ இரவுத் தொழுகை தவறிவிட்டால் மறுநாள் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இரவில் வழக்கமாக ஓதும் பகுதியை ஓதாமல் உறங்கிவிட்டவர், சுப்ஹுக்கும் லுஹருக்கும் இடையே அதை ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே பதிவு செய்யப்படும் என்ற கருத்திலும் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. கவனியுங்கள்: அடுத்த மாதம் பார்க்கலாம் என்றில்லை, லுஹருக்குள். மாத்திரைக்கும் அப்படித்தான். ஒருநாள் தவறினால் மருந்து தருபவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். தாமாகவே மறுநாள் இரட்டிப்பாக விழுங்குவதும் கூடாது, தவறிவிட்டதே என்று கைவிடுவதும் கூடாது.

குர்ஆன் மனனம் செய்யும் மாணவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மதீனா அச்சுப் பிரதியில் 604 பக்கங்கள், பக்கத்திற்கு 15 வரிகள். நாளுக்கு ஐந்தே வரி மனனம் செய்தாலும் ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் முழுக் குர்ஆனும் முடிந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் எந்த உஸ்தாதும் கணக்கோடு நிறுத்துவதில்லை. இன்றைய புதுப் பாடம் ஒன்று, நேற்றும் அதற்கு முன்பும் ஓதியவை ஒன்று, பழைய ஜுஸ்வுகளைத் திரும்ப ஓதுவது ஒன்று என்று மூன்றையும் அன்றாடம் கேட்பார். கட்டிவைத்த ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டு நழுவிவிடும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹாஃபிழ் பட்டம் பெற்று, தலைப்பாகை கட்டி, ஊர் கூடிப் பாராட்டிய பின் ஓதுவதை நிறுத்தியவர்களின் நிலை என்ன என்பதை அவர்களே அறிவார்கள். நலமாகிவிட்டோம் என்ற எண்ணம் அங்கும் வந்துவிடுகிறது.

எல்லோராலும் ஹாஃபிழ் ஆக இயலாது, வேண்டியதும் இல்லை. குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு அன்றாடம் ரயிலில் வேலைக்குச் செல்லும் ஒரு சகோதரியைப் பற்றி என் மனைவி சொல்வதுண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர். சிறுவயதில் ஓதக் கற்காதவர். காயிதா நூலைப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது ஒரு வரி, வரும்போது அதே வரி. தவறைத் திருத்திக்கொள்ள வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்றாண்டுகள் ஆயின. சென்ற ரமளானில் தாமாகவே ஓதி முதல் கத்முச் செய்தார். அவருக்கு நேரம் எங்கிருந்தும் புதிதாகக் கிடைத்துவிடவில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த ரயில்தான் நேரம். நம் பாட்டிமார்கள் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு, மாதக் கடைசியில் மத்ரஸாவுக்கு அனுப்பினார்களே, அந்தப் பிடி அரிசியின் இரகசியமும் இதுதான். தர்மம் செய்வதற்கென்று தனி நேரம் அவர்கள் தேடவில்லை. அடுப்பு மூட்டும் நேரத்தோடு அதைக் கட்டிவைத்தார்கள். ஐவேளைத் தொழுகை நம் நாளை ஐந்து இடங்களில் ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. எந்த நல்ல பழக்கத்தையும் தொங்கவிட அதைவிட உறுதியான ஆணி எங்கே கிடைக்கும்?

மெட்ராஸ் ஆய்வின் ஒரு பகுதியை இன்னும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த நோயாளிகள் மருந்தை வாங்கிச் சென்று உண்மையிலேயே உட்கொண்டார்களா என்பது அந்த மருத்துவர்களின் பெருங்கவலையாக இருந்தது. எனவே சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குச் சென்றார்கள், மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மனிதன் தனியாக விடப்பட்டால் தளர்ந்துவிடுவான் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். மற்றொருவர் முன்னிலையில் மாத்திரையை விழுங்கச் செய்யும் முறை உருவானதில் அந்தச் சென்னை ஆய்வு மையத்தின் அனுபவத்திற்கும் பெரும் பங்கு உண்டு. அதனைச் சந்தேகம் என்று எண்ணக்கூடாது. துணை என்று எண்ண வேண்டும். நாம் தனித்துத் தொழ முடியாதவர்களா என்ன? ஆயினும் அல்லாஹ் நம்மை ஜமாஅத்தாக அழைக்கிறானே! வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தால், "பாய் ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் வேண்டும் என்பதும் அதன் நன்மைகளுள் ஒன்று.

அந்த இளைஞர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், அவருடைய மாத்திரைக்குச் சாட்சியாக இருக்க முடியுமா என்று சுகாதாரப் பணியாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். கிருமி பரவும் நிலை நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, சுப்ஹு ஜமாஅத் முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர் என்னருகே வந்து உட்காருவார். கை நிறைய மாத்திரைகள். சில நாட்கள் குமட்டும். சில நாட்கள் ஒன்றும் பேசமாட்டார். பானையிலிருந்து நானே தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். அட்டையில் ஒரு குறி இடுவேன். அவ்வளவுதான் என் வேலை. நான் வெளியூர் சென்ற நாட்களில் முஅத்தின் குறி இட்டார். மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நின்றபோது படிக்கட்டில் உட்கார்ந்தோம். பதினெட்டு மாதங்கள் இப்படியே கழிந்தன. அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தன. மருத்துவர் ஒருநாள், "போதும், குணமாகிவிட்டது" என்றார். அல்ஹம்து லில்லாஹ்.

மறுநாள் சுப்ஹு முடிந்தது. பழக்கம் காரணமாக நான் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சிறிது நேரம் கழித்து, "ஹஜ்ரத், இந்த நேரம் காலியா இருக்கு. எனக்கு ஓதக் கத்துக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார். அலிஃபிலிருந்து தொடங்கினோம். இப்பொழுது பத்தொன்பதாவது ஜுஸ்வில் இருக்கிறோம்.